பின்பக்கத்து நிழல்

சித்தி: (படம்) மதில் ஓரத்தில் துளசி வைத்து 2 மாதம் ஆகிறது. ஒட்டடைக் குச்சி மாதிரி நெட்டையாக நிற்கிறது, இலையே இல்லை. உரம் போடட்டுமா?

மாமா: உரம் வேண்டாம். அங்கே வெயில் எத்தனை மணி நேரம் விழுகிறது?

சித்தி: காலையில் கொஞ்சம் வரும் அண்ணா.

மாமா: கொஞ்சம் என்றால் கணக்கு வராது. நாளைக்கு மணிக்கு ஒருமுறை எட்டிப் பார்த்து எழுதி வை. துளசிக்கு 6 மணி நேரமாவது நேர் வெயில் வேண்டும். கிடைக்காவிட்டால் வெளிச்சத்தைத் தேடித் தண்டை நீட்டும். இப்போது உரம் போட்டால் இன்னும் நோஞ்சானாக நீளும்.

(மறுநாள்)

சித்தி: பார்த்துவிட்டேன். 7 மணியிலிருந்து 10 வரை வெயில். அப்புறம் முழுக்க நிழல்தான்.

நான்: 3 மணி நேரம் போதும் சித்தி. வல்லாரை, புதினா, கொத்தமல்லி மூன்றும் வரும். வல்லாரை கணுவுக்குக் கணு வேர் விட்டுப் படர்ந்துவிடும். புதினாவை மட்டும் தரையில் விடாதீர்கள். தண்டு மண்ணுக்குள்ளேயே ஓடி அடுத்த செடியின் காலடியில் தலை நீட்டும். தொட்டிதான் அதற்குச் சரி.

அம்மா: கொத்தமல்லி எனக்கு ஒருமுறைகூட வந்ததில்லை.

மாமா: நாற்றைப் பிடுங்கி நட்டிருப்பாய். அதற்கு ஆணிவேர், இடம் மாற்றினால் பிடிக்காது. விதையை லேசாகத் தேய்த்து இரண்டாக உடைத்து, நேராகத் தொட்டியிலேயே தூவு. முளைக்க ஒன்றிரண்டு வாரம் ஆகும், அதற்குள் கிளறாதே. உச்சி வெயில் படாத இடம் அதற்கு நல்லதுதான். சூடு ஏறினால் இலையை விட்டுவிட்டுப் பூக்கப் போய்விடும்.

அம்மா: நான் ஐந்தாம் நாளே கிளறிவிட்டேன் 🙈

சித்தி: கற்பூரவள்ளியும் அங்கேதான் வைத்தேன், அழுகிவிட்டது. நிழல் ஆகாதோ?

மாமா: அந்த நிழலுக்கு அது சாகாதே. தண்ணீர் எப்போது ஊற்றினாய்?

சித்தி: அவர்தான் ஊற்றுவார். காலையும் மாலையும்.

மாமா: சரிதான்! நிழலில் மண் காய நாளாகும். வெயிலில் இருக்கும் தொட்டிக்கு ஊற்றுகிற கணக்கில் இதற்கும் ஊற்றினால் வேருக்கு மூச்சு முட்டும். அதிலும் கற்பூரவள்ளி இலையிலேயே தண்ணீர் சேர்த்து வைத்திருக்கிற செடி. விரலை ஒரு கணு ஆழம் மண்ணில் விட்டுப் பாருங்கள். ஈரம் ஒட்டினால் அன்றைக்குத் தண்ணீர் கிடையாது. வல்லாரைக்கு மட்டும் இது பொருந்தாது, அதற்கு மண் எப்போதும் ஈரமாக இருக்க வேண்டும்.

சித்தி: அப்போ துளசியைப் பிடுங்கிவிடவா?

மாமா: ஐயோ, ஏன்? நுனியைக் கிள்ளிவிட்டு மாடிக்கு ஏற்று. ஒரேயடியாக வெயிலில் வைக்காதே, இலை கருகிவிடும். நாளுக்கு ஒரு மணி நேரம் கூட்டிக்கொண்டே போ.

நான்: வல்லாரைத் தண்டு என்னிடம் இருக்கிறது சித்தி, ஞாயிற்றுக்கிழமை கொண்டு வருகிறேன். சித்தப்பாவிடமிருந்து தண்ணீர்க் குழாயை மட்டும் வாங்கி ஒளித்து வைத்துவிடுங்கள்.

சித்தப்பா: நானும் இந்தக் குழுவில்தான் இருக்கிறேன்.