மறுமொழி: ‘எண்டியன்’ என்பதற்கு ஒரு சொல், வியாழனுக்குள்

அன்புள்ள குழுவினருக்கு,

பைத்தான் நிரல்மொழியில் எண்களைப் பைட்டுகளாகவும் (எட்டு பிட் கொண்ட துண்டுகள்) பைட்டுகளை மீண்டும் எண்களாகவும் மாற்றும் ஸ்ட்ரக்ட் தொகுதி பற்றி ஒன்றரைப் பக்கப் பாடக்குறிப்பு. வியாழக்கிழமை அச்சுக்குப் போகிறது. ஓர் எண்ணின் பைட்டுகள் எந்த வரிசையில் நிற்கின்றன என்பதைக் குறிக்கும் ‘எண்டியன்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்கு ஒரே ஒரு தமிழ்ச் சொல்தான் உங்களிடம் கேட்டேன். மூன்று நாளாக என் மேசையில் நன்னூல் திறந்தபடி கிடக்கிறது.

சிக்கலை மறுபடி சொல்லிவிடுகிறேன். 258 என்ற எண்ணை (1 × 256 + 2) இரண்டு பைட்டில் எழுதினால் 1, 2 என்றும் வைக்கலாம், 2, 1 என்றும் வைக்கலாம். வடிவச் சரத்தின் தொடக்கத்தில் > போட்டால் முதல் வகை, < போட்டால் இரண்டாம் வகை. சென்ற முறை வகுப்பில் அகரத்தையே பைட்டுகளாகக் கட்டிக் காட்டினேன். அதன் யூனிகோட் எண் 2949. பைட்டுகள் 11, 133. குறியை மாற்றி மீண்டும் எண்ணாக அவிழ்த்ததும் 34059 வந்தது. திரையில் ‘அ’ இருக்கவேண்டிய இடத்தில் ஒரு சீன எழுத்து! அன்று வகுப்பு எழுந்து உட்கார்ந்தது. ஆனால் இதன் பெயர் என்ன என்று கேட்டபோது ‘எண்டியன்’ என்று சொல்லிச் சமாளித்தேன். அதை ‘இந்தியன்’ என்று குறித்துக்கொண்டவர்களும் உண்டு.

முதல் வகை ‘பிக் எண்டியன்’, இரண்டாம் வகை ‘லிட்டில் எண்டியன்’; இவற்றை அப்படியே பெயர்த்த ‘பெருமுனை, சிறுமுனை’ எனக்கு ஒப்பவில்லை. ஸ்விஃப்ட் 1726இல் எழுதிய கதையில் முட்டையைப் பெரிய முனையில் உடைப்பதா, சிறிய முனையில் உடைப்பதா என்று சண்டை. கணினி அறிஞர் டேனி கோஹன் 1980இல் அந்தக் கேலியைக் கணினிக்குக் கொண்டுவந்தார். முட்டை தெரியாதவருக்கு முனை மட்டும் என்ன சொல்லும்? பெருமுனை என்றால் பெரியது கடைசி முனையில் இருக்கிறது என்றே என் மாணவர்கள் கொள்கிறார்கள். நேர் எதிர்ப்பொருள்.

புலவர் ஐயாவின் ‘முறைநிரல், எதிர்நிரல்’ அழகு, மறுக்கவில்லை. ‘விலங்கொடு மக்கள் அனையர்’ குறளை எடுத்துக்காட்டி எதிர்நிரல்நிறையை (சொற்களை ஒரு வரிசையிலும் அவற்றுக்கு உரியவற்றை எதிர் வரிசையிலும் அடுக்குவது) அவர் விளக்கிய மடலைச் சேமித்தே வைத்திருக்கிறேன். ஆனால், ஐயா, எது முறை, எது எதிர்? இன்டெல் வழிச் செயலிகள் சிறிய இடமதிப்புள்ள பைட்டைத்தான் முதலில் வைக்கின்றன. இணைய நெறிமுறைகள் பெரியதை. ஒன்றை ‘எதிர்’ என்றதுமே தீர்ப்பு எழுதிவிட்டோம்.

‘இருபத்தொன்று’ என்பதில் பத்து முந்துகிறது, ‘ஏகவிம்சதி’யில் ஒன்று முந்துகிறது, ஆகவே பெரியது முதலில் வருவதே தமிழ் மரபு என்று ஒருவர் எழுத, இன்டெல் நிறுவனம் வடமொழிச் சார்புடையதா என்று இன்னொருவர் கேட்க, ஒரு பகல் முழுக்க அதிலேயே போயிற்று. ‘பைனரி’க்கு ‘இருநிலை’யா ‘துவித’மா என்ற கிளை வேறு. இலங்கைப் பாடநூலில் படித்தவர்களுக்குத் துவிதம்தான் வரும்; குறிப்பில் இரண்டையும் போடுகிறேன், இதோடு விடுங்கள்.

எட்டு பிட் என்பதால் ‘பைட்’டை ‘எண்மி’ ஆக்கச் சொன்ன நண்பருக்கு: ‘டிஜிட்டல்’ என்பதற்கு ‘எண்மிய’ என்று பலர் எழுதுகிறார்கள். குழப்பம் உறுதி. பைட் பைட்டாகவே இருக்கட்டும்.

நான் முன்வைத்தது ‘பெரியது முன், சிறியது முன்’. அதையும் புலவர் ஐயா ஒரே வரியில் வீழ்த்திவிட்டார்: ‘உயிர்முன் கசதப மிகும்’ என்ற நூற்பாவில் ‘முன்’ என்பது அடுத்து வருவதைக் குறிக்கிறதே! நிற்கிற எழுத்தின் முகத்துக்கு எதிரே இருப்பது முன். இலக்கணம் படித்தவருக்கு ஒரு பொருள், பேருந்து வரிசையில் நிற்பவருக்கு வேறு பொருள். ஒப்புக்கொண்டு கைவிட்டேன். இத்தனை மடல்களில் வேலைக்கு உதவிய இலக்கணம் இது ஒன்றுதான்.

அதனால் ‘முதல்’. மொழிமுதல் எழுத்து என்கிறோமே, அதுபோல ‘உயர்முதல் வரிசை, தாழ்முதல் வரிசை’. பொதுப்பெயர் ‘பைட் வரிசை’. ஐந்து பேர் சரி என்றிருக்கிறார்கள்; அதில் மூவர் ‘போதும் சாமி’ என்ற தொனியில். ‘தாழ்முதல்’ குறைந்த முதலீட்டில் தொடங்கும் ஊறுகாய்த் தொழில் மாதிரி ஒலிக்கிறது என்று ஒரு தோழி எழுதினார். உண்மைதான். வேறு கிடைக்கவில்லை.

இடைவெளி நிரப்பும் பைட்டுக்கு ‘இசைநிறை’ வேண்டும் என்கிறார் புலவர் ஐயா. ஒரு பைட் எண்ணும் நான்கு பைட் எண்ணும் அடுத்தடுத்து வந்தால் ஐந்து பைட் போதும். அந்தந்தக் கணினியின் இயல்பு அமைப்பிலோ, இரண்டாவது எண் நான்கின் மடங்கான இடத்தில் தொடங்குவதற்காக, பெரும்பாலான கணினிகளில் நடுவே மூன்று பைட் நுழைந்து எட்டாகிறது. பொருள் இல்லை, சீர் குலையாமல் இருக்க வந்து நிற்கின்றன. செய்யுளில் ஏகாரம் செய்கிற வேலையேதான். மனம் இழுக்கிறது. இருந்தாலும் பாடத்தில் ‘நிரப்பு பைட்’ என்று போட்டு, இசைநிறையை அடிக்குறிப்பில் வைக்கிறேன். அது போதாது, இசைநிறை மேலே வரவேண்டும் என்று ஐயா இன்று காலையும் எழுதியிருக்கிறார்.

புதன் இரவு வரை திருத்தலாம். ‘பேக், அன்பேக்’ என்பவற்றுக்குக் ‘கட்டு, அவிழ்’ என்று நான் எழுதியதை இதுவரை யாரும் கவனிக்கவில்லை. தயவுசெய்து கவனிக்காதீர்கள்.