இறக்கையைப் பார்த்துச் சிறுவிடைக் குஞ்சில் பெட்டை பிரிக்க முடியுமா?

மேட்டுக்காடு:
இந்தக் குழுவில் முந்தாநாள் ஒரு விளம்பரம் வந்தது. பொரித்த மறுநாளே இறக்கையைப் பிரித்துப் பார்த்து, சிறுவிடை என்கிற சின்ன உடம்பு நாட்டுக்கோழியின் குஞ்சில் பெட்டை எது சேவல் எது என்று நூற்றுக்கு நூறு சொல்லிவிடுவார்களாம். பெட்டையாகப் பொறுக்கித் தருவதற்குக் குஞ்சுக்கு 20 ரூபாய் கூடுதலாம். கீழே வரிசையாக "எனக்குப் பத்து", "எனக்கு இருபது" என்று ஆர்டர் வேறு. படித்ததிலிருந்து எரிச்சலாக இருக்கிறது. சிறுவிடையில் இறக்கை பார்த்துப் பெட்டை பிரிக்க முடியாது. எங்கள் வீட்டில் தாத்தா காலத்திலிருந்து சிறுவிடைதான். ஆறு வாரம் போகட்டும், கொண்டை சிவக்கிறதா என்று பார்ப்போம். அதற்கு முன்னால் யாரும் வாயைத் திறந்ததில்லை.

மொட்டைமாடிப் பண்ணை:
விளம்பரம் போட்டவன் நான்தான் அண்ணே. நேராகவே என்னைக் கேட்டிருக்கலாம். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். குஞ்சை உள்ளங்கையில் வைத்து, கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் இறக்கை நுனியைப் பிடித்து விசிறி மாதிரி விரியுங்கள். இரண்டு வரிசை இறகு முளை தெரியும். கீழ் வரிசை நீளமாகவும் மேல் வரிசை குட்டையாகவும் இருந்தால் பெட்டை. இரண்டும் ஒரே நீளம், அல்லது மேல் வரிசை நீளம் என்றால் சேவல். கண்ணால் பார்க்கிற விஷயம் இது. தாத்தா பார்க்கவில்லை என்றால் அது இல்லை என்று ஆகிவிடுமா?

மேட்டுக்காடு:
தாத்தாவை விடு தம்பி. நீ சொல்கிற இரண்டு வரிசைக் கணக்கு நாமக்கல் லேயர், அதாவது முட்டைக்கோழிக் குஞ்சுக்கு. அங்கே தகப்பன் சேவலை இறகு சீக்கிரம் முளைக்கிற வழியிலும், தாய்க்கோழியை மெதுவாக முளைக்கிற வழியிலும் தனித்தனியாக வைத்து வளர்த்து ஜோடி சேர்க்கிறார்கள். அப்படிச் சேர்த்தால்தான் பெட்டைக் குஞ்சுக்கு இறகு சீக்கிரம் வரும், சேவல் குஞ்சுக்குத் தாமதமாகும். சிறுவிடையில் அந்த ஜோடியை யார் சேர்த்தது? குப்பை மேட்டில் மேய்கிற கோழிக்கு எந்தச் சேவல் தகப்பன் என்றே தெரியாது. சிறுவிடையில் இறக்கை பார்த்துப் பெட்டை பிரிக்க முடியாது.

கால்நடை மாணவி:
ஐயா சொல்வது சரி. தாமத இறகுக்கான மரபணு இசட் என்கிற பால் குரோமோசோமில் இருக்கிறது. சேவலுக்கு இசட் இரண்டு, பெட்டைக்கு ஒன்றுதான். பெட்டைக் குஞ்சு தன் ஒரே இசட்டைத் தகப்பனிடமிருந்து வாங்குகிறது. அதனால்தான் ஜோடி முக்கியம். தகப்பனும் தாயும் சீக்கிர இறகு என்றால் எல்லாக் குஞ்சுக்கும் இறக்கை ஒரே மாதிரி வரும். ஆனால் ஒரு கேள்வி. இந்தக் குழுவில் சிறுவிடை, நாட்டுக்கோழி என்று மாற்றி மாற்றிச் சொல்கிறோம். எதைச் சொல்கிறோம்? வனராஜா, கிராமப்பிரியா, நந்தனம் கோழி என்று ஆராய்ச்சி நிலையங்கள் உருவாக்கிய ரகங்கள் எல்லாமே சந்தையில் நாட்டுக்கோழி என்றுதான் விலை போகின்றன. அவற்றின் தாய் தகப்பன் வேறு. அதை முதலில் முடிவு செய்தால் பாதிச் சண்டை குறையும்.

மொட்டைமாடிப் பண்ணை:
மாணவி புத்தகத்தைப் படித்துவிட்டுப் பேசுகிறார். நான் குஞ்சைக் கையில் பிடித்துவிட்டுப் பேசுகிறேன். இறக்கையில் வித்தியாசம் தெரிகிறது. தெரிவதைத் தெரியவில்லை என்று எப்படிச் சொல்வது?

மேட்டுக்காடு:
வித்தியாசம் தெரியும். முதல் நாள் காலையில் பொரித்ததற்கும் மறுநாள் சாயங்காலம் பொரித்ததற்கும் இறக்கை நீளம் ஒன்றாகவா இருக்கும்? மூத்த குஞ்சையெல்லாம் பெட்டை என்று விற்கிறாய். காசு சுண்டினாலும் பாதி சரியாக வரும். அதற்கு எதற்கு 20 ரூபாய்?

கீரைத்தோட்டம்:
நான் திருச்சி. போன வருஷம் ஒருவரிடம் இப்படித்தான் "பொறுக்கிய பெட்டை" என்று வாங்கினேன். மூன்று மாதத்தில் பாதிக்கு மேல் கூவ ஆரம்பித்துவிட்டது. விடியற்காலை நாலு மணிக்குத் தெருவே எழுந்துகொள்கிறது. எதிர்வீட்டுக்காரர் இன்றுவரை என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

மொட்டைமாடிப் பண்ணை:
அக்கா, என்னிடமா வாங்கினீர்கள்? இல்லையே. யாரோ ஏமாற்றியதற்கு நான் எப்படிப் பொறுப்பு?

பல்லடத்தான்:
ஹேச்சரியில், அதாவது குஞ்சு பொரிப்பகத்தில், வேலை பார்த்தவன் பேசுகிறேன். இறக்கை முறை உண்மை. ஒரு மணி நேரத்தில் ஆயிரக்கணக்கில் பிரிப்பார்கள், தவறுவது மிகக் குறைவு. ஆனால் தாமதித்தால் போச்சு. இரண்டு மூன்று நாள் தாண்டினால் எல்லா இறக்கையும் வளர்ந்து ஒன்றாகிவிடும். இறக்கை ஒத்துவராத ஜாதிக்குக் கழிவாயைப் பார்த்துப் பிரிக்கிற முறை இருக்கிறது, ஜப்பான்காரன் கண்டுபிடித்தது. 1927இல் கனடாவில் நடந்த உலகக் கோழி மாநாட்டில் மசூயி என்ற ஜப்பானியப் பேராசிரியர் அதைப் பற்றிச் சொன்னார். அதற்கென்றே பள்ளிக்கூடம் வைத்துப் பழக்கினார்கள். பழகாதவன் அழுத்தினால் குஞ்சு செத்துப்போகும். இங்கே யாரும் வீட்டில் முயற்சி செய்யாதீர்கள்.

மொட்டைமாடிப் பண்ணை:
பார்த்தீர்களா, ஹேச்சரிக்காரரே இறக்கை முறை உண்மை என்கிறார்.

மேட்டுக்காடு:
ஹேச்சரியில் உண்மை என்றார். சிறுவிடையில் என்று எங்கே சொன்னார்? எழுத்துக் கூட்டிப் படி தம்பி.

பல்லடத்தான்:
நான் இரண்டு பேருக்கும் சாட்சி சொல்ல வரவில்லை.

தேனிச் சேவற்காரன்:
இறக்கையும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம். முட்டையிலேயே தெரியும். கூர்முட்டை சேவல், உருண்டை முட்டை பெட்டை. எங்கள் பக்கம் அடைக்கு வைக்கும்போதே பொறுக்கித்தான் வைப்பார்கள்.

கால்நடை மாணவி:
அண்ணா, இது மிகப் பழைய நம்பிக்கை. பழைய ரோமானிய வேளாண் எழுத்தாளர் கொலுமெல்லா நீங்கள் சொல்வதைத்தான் எழுதினார். அவருக்கு முன்னால் அரிஸ்டாட்டில் நேர்மாறாக, கூர்முட்டைதான் பெட்டை என்று எழுதினார். முட்டையின் வடிவம் தாய்க்கோழியின் கருக்குழாயைப் பொறுத்தது. குஞ்சு ஆணா பெண்ணா என்பது ஓடு உருவாவதற்கு முன்பே முடிவாகிவிடும்.

தேனிச் சேவற்காரன்:
அரிஸ்டாட்டில் கட்டுச்சேவல் வளர்த்தாரா?

மொட்டைமாடிப் பண்ணை:
அடைச்சூடு கூடினால் சேவல், குறைந்தால் பெட்டை என்று ஒரு வீடியோவில் பார்த்தேன். அதுவும் பொய்யா?

கால்நடை மாணவி:
அது கடல் ஆமைக்கு. சென்னைக் கடற்கரையில் பங்குனி ஆமை முட்டைகளை எடுத்துக் குழியில் வைத்துப் பாதுகாக்கிறார்களே, அந்த ஆமைக்கு மணலின் சூடுதான் ஆணா பெண்ணா என்று தீர்மானிக்கிறது. அங்கேயும் சூடு கூடினால் பெண்தான். கோழிக்குச் சூடு மாறினால் குஞ்சு சாகும், பால் மாறாது.

மேட்டுக்காடு:
ஆமைக்குப் போய்விட்டீர்களா? நான் கேட்டது ஒன்றே ஒன்று. சிறுவிடைக் குஞ்சில் இறக்கையை வைத்து 20 ரூபாய் கூடுதலாக வாங்குவது நியாயமா? பதில் வரவில்லை. காசு கொடுக்கிற மக்களுக்காகச் சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள். ஐந்தாறு வாரத்தில் சேவல் குஞ்சின் கொண்டை எழும்பி ரத்தச் சிவப்பாகும். பெட்டையின் கொண்டை வெளிறிய மஞ்சளாகத் தலையோடு ஒட்டிக் கிடக்கும். சேவலின் கால் தடிக்கும். முதுகிலும் தோளிலும் இறகு மூட நாளாகும். பத்துப் பன்னிரண்டு வாரத்தில் கழுத்து இறகைப் பாருங்கள். நுனி கூராக, பளபளவென்று ஈட்டி போல இருந்தால் சேவல், முனை மழுங்கி உருண்டிருந்தால் பெட்டை. அதன் பிறகு இடுப்பில் தொங்கல் இறகு வரும், வால் வளையும். இதற்கு ஒரு ரூபாய் செலவில்லை, பொறுமை வேண்டும்.

தேனிச் சேவற்காரன்:
கொண்டைக் கணக்கு உங்கள் சிறுவிடைக்கு. பெருவிடை என்கிற சண்டைச்சேவல் ஜாதியில் கொண்டை சின்னது, ஆறு வாரத்தில் ஒரு மண்ணும் தெரியாது. மேட்டுக்காடு எப்போதும் கொங்கு நாட்டுக் கோழியை மட்டும் பார்த்துவிட்டு ஊருக்கே பாடம் எடுப்பார்.

மேட்டுக்காடு:
தலைப்பிலேயே சிறுவிடை என்று போட்டிருக்கிறேன். பெருவிடையை நீங்கள்தான் இழுத்து வந்தீர்கள்.

மொட்டைமாடிப் பண்ணை:
இவருக்கு என்மேல் பழைய கோபம், அதுதான் விஷயம். போன வருஷம் கோழிகளைக் கொல்லும் வெள்ளைக்கழிச்சல் நோய் பற்றிப் பேசியபோது, ஏழாம் நாள் லசோட்டா என்கிற தடுப்புச் சொட்டு மருந்து கட்டாயம் என்று நான் சொன்னேன். இவர் மஞ்சளும் கீழாநெல்லியும் போதும் என்றார். எல்லோரும் என் பக்கம் நின்றார்கள். அதை இன்னும் மறக்கவில்லை.

மேட்டுக்காடு:
போதும் என்று சொல்லவில்லை. மருந்தோடு கூட இதையும் கொடு என்றேன். தேடி எடுத்துப் போடு பார்ப்போம்.

மொட்டைமாடிப் பண்ணை:
அந்தத் திரியே இப்போது இல்லையே. யார் அழித்தது என்று எல்லோருக்கும் தெரியும்.

மேட்டுக்காடு:
அழிக்கிற அதிகாரம் எனக்கு இருந்தால் உன் விளம்பரத்தைத்தான் முதலில் அழித்திருப்பேன்.

கீரைத்தோட்டம்:
என் கேள்விக்கு யாராவது பதில் சொல்லுங்களேன். கூவுகிற சேவல்களை என்ன செய்வது?

பல்லடத்தான்:
அக்கா, ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை விற்றுவிடுங்கள். பொங்கல், ஆடி சமயத்தில் சேவலுக்குத்தான் விலை. ஊரெல்லாம் பெட்டை பெட்டை என்று அலைகிறார்கள். லேயர் பண்ணைக்குச் சேவல் குஞ்சு தேவையில்லை என்பதால்தான் ஹேச்சரியில் அதைக் கழிக்கிறார்கள். பஸ் ஸ்டாண்டில் பச்சையும் ரோஸுமாகச் சாயம் முக்கி விற்கிறார்களே கலர் குஞ்சு, அது பெரும்பாலும் இறக்கை பார்த்துக் கழித்த சேவல்தான்.

மொட்டைமாடிப் பண்ணை:
ஆக, இறக்கை பார்த்துக் கழிக்க முடிகிறது. நன்றி.

மேட்டுக்காடு:
லேயர் குஞ்சில்! எத்தனை தடவை சொல்வது? ஒரு வேலை செய். இந்த ஈட்டில், ஒரே அடையில் பொரித்த குஞ்சுகளில், நீ பெட்டை என்று சொல்கிற குஞ்சுக்கெல்லாம் காலில் சிவப்பு நூல் கட்டு. சேவலுக்குப் பச்சை. கால் தடிக்கத் தடிக்க நூலை மாற்றிக் கட்டு, இல்லையென்றால் இறுக்கி ரத்த ஓட்டம் நின்றுவிடும். பன்னிரண்டாம் வாரம் எல்லாவற்றையும் இங்கே படம் போடு. கழுத்து இறகு தெரிகிற மாதிரி.

மொட்டைமாடிப் பண்ணை:
போடுகிறேன். ஆனால் குஞ்சு என்னுடையது.

மேட்டுக்காடு:
உன் குஞ்சு சிறுவிடைதான் என்று யார் சொன்னது? படத்தில் காலைப் பார்த்தால் கிராமப்பிரியா கலந்த மாதிரி இருக்கிறது. என் வீட்டுக் குஞ்சில் வந்து பிரி.

மொட்டைமாடிப் பண்ணை:
உங்கள் வீட்டுக்கு வந்தால் நூலை நீங்களே மாற்றிக் கட்டிவிடுவீர்கள். என் கோழியைக் கலப்படம் என்று சொன்னதற்கு முதலில் மன்னிப்புக் கேளுங்கள், அப்புறம் பேசலாம்.

கால்நடை மாணவி:
இதைத்தான் ஆரம்பத்திலேயே கேட்டேன், எது சிறுவிடை என்று.

தேனிச் சேவற்காரன்:
அந்தச் சோதனையில் முட்டையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கூர்முட்டையைத் தனியாகக் குறித்து வையுங்கள். நான் சொன்னதுதான் வரும்.

மேட்டுக்காடு:
மன்னிப்பா? 20 ரூபாயை வாங்கியவர்களுக்கெல்லாம் திருப்பிக் கொடு, கேட்கிறேன். சிறுவிடையில் இறக்கை பார்த்துப் பெட்டை பிரிக்க முடியாது. ஞாயிற்றுக்கிழமை எனக்கு ஒரு ஈடு பொரிகிறது. வருகிறவர்கள் வரலாம், கோபிசெட்டிபாளையத்துக்குப் பக்கம்தான்.