புதுப்பிப்பு: கையை எடுத்ததும் அணைந்த அடுப்பு
சிங்கப்பூர் தோ பாயோவில் எங்கள் பழைய வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டு கேஸ் அடுப்பு, குமிழை அழுத்திப் பிடித்தால் எரிகிறது, கையை எடுத்ததும் அணைகிறது என்று போன வாரம் எழுதியிருந்தேன் அல்லவா? சரியாகிவிட்டது. புது அடுப்பே வாங்கச் சொன்னவர்கள் மன்னிக்கவும்.

குற்றவாளி தெர்மோகப்பிள். பர்னர் ஓரத்தில் தீக்குச்சி மாதிரி நிற்குமே, அந்தச் சின்ன உலோகக் குச்சிதான். தீயில் சூடானால் அதில் சில மில்லிவோல்ட் மின்னழுத்தம் பிறக்கும். அதுதான் கேஸ் வால்வைத் திறந்தே வைத்திருக்கிறது. எங்கள் குச்சியின்மேல் பல வருடச் சாம்பார் பொங்கி வழிந்து, கருகி, ஓடாகப் படிந்திருந்தது. அப்புறம் சூடு எப்படி ஏறும்? கேஸை மூடி, அடுப்பு நன்றாக ஆறிய பிறகு, மெல்லிய உப்புத்தாளால் பதமாகத் தேய்த்தேன். பற்றவைத்துப் பத்து விநாடி பிடித்துவிட்டுக் கையை எடுத்தேன். நின்று எரிந்தது! அம்மா நம்பாமல் நாலு தரம் அணைத்துப் பார்த்தார்.

பற்றவைக்கும்போது வரும் டிக் டிக் சத்தம் மந்தமாக இருந்ததற்கு பேட்டரி மாற்றியதோடு சரி.

சொந்தக்காரரின் சிலிண்டர் அடுப்பை மாட்டலாமா என்று ஒருவர் கேட்டிருந்தார். அப்படியே மாட்டக் கூடாது. எங்களுக்கு வருவது குழாய் எரிவாயு. இரண்டுக்கும் ஜெட் (பர்னருக்குள் கேஸ் பாயும் சின்ன முனை) துளை அளவு வேறு. குழாய்ப் பக்க வேலைக்கு உரிமம் பெற்ற எரிவாயு ஊழியரைத்தான் கூப்பிட வேண்டும்.

வலது பர்னர் இன்னும் மஞ்சளாகத்தான் எரிகிறது, துளை அடைப்பாக இருக்கும். தீபாவளிப் பலகாரம் தொடங்குமுன் அதையும் கழற்ற வேண்டும்.