‘சர்வைவர் பென்ஷன்’: தமிழில் என்ன சொல்லலாம்?

அனைவருக்கும் வணக்கம். ஓய்வூதியக் கலைச்சொல் பட்டியலுக்காக நம் இழையில் வந்த மடல்களுக்குச் சேர்த்தே மறுமொழி எழுதுகிறேன்.

> ஓய்வு பெற்ற உறுப்பினர் இறந்தபின் குடும்பத்துக்குக் கிடைப்பதை ‘உயிர் பிழைத்தோர் ஓய்வூதியம்’ எனலாமா?

வேண்டாம் ஐயா. வெள்ளத்திலோ விபத்திலோ சாகாமல் தப்பியவரைத்தான் உயிர் பிழைத்தவர் என்கிறோம். கணவரை இழந்து, இறப்புச் சான்றிதழின் நகலோடு வங்கியில் நிற்கும் பெண்மணியிடம் இந்தத் தலைப்பிட்ட படிவத்தை நீட்டுவது கொடுமை. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 102-ஆம் உடன்படிக்கை (1952) இந்தப் பயன் ஏன் தரப்படுகிறது என்பதைத் தெளிவாகவே வரையறுக்கிறது: சம்பாதித்துக் குடும்பத்தைத் தாங்கியவர் மறைந்ததால் மனைவியும் பிள்ளைகளும் இழந்த ஆதரவுக்கு ஈடு. நம் சொல்லும் அந்தக் கருத்திலிருந்து வந்தால் நல்லது.

> ‘வாரிசு ஓய்வூதியம்’ எல்லாருக்கும் புரியுமே?

புரியும், ஆனால் தப்பாகப் புரியும். வாரிசு என்றதும் சொத்தில் பங்கு என்ற எண்ணம் வந்துவிடும். குடும்ப ஓய்வூதியம் இறந்தவரின் சொத்தில் சேராது, அதை உயிலெழுதி வேறொருவருக்கு வைக்க முடியாது என்று ஒரு ரயில்வே ஊழியரின் குடும்ப வழக்கில் உச்ச நீதிமன்றம் 1991-லேயே சொல்லிவிட்டது. யாருக்கு, எந்த வரிசையில் என்பதைத் திட்டத்தின் விதிகளே முடிவு செய்கின்றன. மத்திய அரசு விதிகளில் முதலில் கணவர் அல்லது மனைவி, அடுத்து பிள்ளைகள், அதற்கும் பிறகுதான் பெற்றோர். ‘வாரிசு’ என்று நாம் எழுதிவைத்தால் நாளைக்கு அண்ணன் தம்பிகள் அந்த அம்மாவிடம் பங்கு கேட்டு வருவார்கள்.

> பிறர் வருமானத்தை நம்பி வாழ்வோரைக் குறிக்கும் ‘தங்கிவாழ்வோர்’ என்ற இலங்கைச் சொல்வழக்கு?

அழகான சொல். பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் சரியாகப் பொருந்தும், ஏனென்றால் அவர்களுக்கு வருமான வரம்பு உண்டு; சொந்த வருமானம் அதைத் தாண்டினால் குடும்ப ஓய்வூதியம் கிடையாது. துணைவருக்கு அந்த வரம்பு கிடையாது. தனக்கென்று சம்பளம் வாங்கும் ஆசிரியைக்கும் கணவரின் குடும்ப ஓய்வூதியம் வரும்; அவரைத் தங்கிவாழ்பவர் என்பது பொருந்தாது. ஆகவே இது ‘டிபென்டென்ட்’டுக்கு மட்டும் இருக்கட்டும்.

இலங்கை அரச வழக்கிலிருந்து நாம் தயங்காமல் எடுத்துக்கொள்ள வேண்டிய சொல் ஒன்று உண்டு: மனைவியை இழந்தவருக்கு அவர்கள் எழுதும் ‘தபுதாரர்’. தொல்காப்பியப் புறத்திணையியல் ‘காதலி இழந்த தபுதார நிலை’ என்கிறதே, அந்த வேர்தான். தமிழ்நாட்டுப் படிவங்களில் கைம்பெண்ணுக்குச் சொல் இருக்கிறது, ஆணுக்கு ‘மனைவியை இழந்தவர்’ என்று சுற்றி வளைக்க வேண்டியிருக்கிறது. இத்தனை பழைய சொல் அலுவலகப் பயன்பாட்டில் உயிரோடு இருப்பதைப் பார்க்க எனக்கு உண்மையிலேயே மகிழ்ச்சி.

என் முன்மொழிவு: மாதாமாதம் வருவதற்கு, ஏற்கெனவே வழங்கிவரும் ‘குடும்ப ஓய்வூதியம்’ என்பதையே வைத்துக்கொள்வோம். அதைப் பெறுபவர் குடும்ப ஓய்வூதியர். மாதத் தொகை, மொத்தத் தொகை இரண்டையும் அடக்கும் பொதுச்சொல்லாக, அதாவது ‘சர்வைவர் பெனிஃபிட்ஸ்’ வருமிடங்களில், ‘குடும்பப் பின்பயன்’. உறுப்பினரின் காலத்துக்குப் பின் குடும்பத்துக்கு வரும் பயன். உச்சரிக்க எளிது, யாரையும் எஞ்சியவர் என்றோ பிழைத்தவர் என்றோ முத்திரை குத்தவில்லை. தொழிலாளர் ஓய்வூதியத் திட்டத்தில் (1995) வரும் கைம்பெண், குழந்தை, அநாதை ஓய்வூதியங்களும் இதற்குள் அடங்கும். அங்கே ஓய்வூதியர் இறந்தால் துணைவருக்கு அவர் வாங்கியதில் பாதி. அந்தப் பாதியில் 25 விழுக்காடு வீதம் ஒரே சமயத்தில் இரண்டு பிள்ளைகளுக்கு, 25 வயது வரை.

நாம் அதிகம் கவலைப்பட வேண்டியது ‘என்ஹான்ஸ்டு ஃபேமிலி பென்ஷன்’ பற்றி, அதாவது முதல் சில ஆண்டுகளுக்கு மட்டும் கூடுதலாக வரும் குடும்ப ஓய்வூதியம் பற்றி. இதை ‘மேம்படுத்தப்பட்ட குடும்ப ஓய்வூதியம்’ என்று எழுதினால், படிப்பவர் அது நிலையாக உயர்ந்துவிட்டது என்று நம்பிவிடுவார். நடப்பது வேறு. கடைசி அடிப்படைச் சம்பளம் 60,000 ரூபாய் என்று வைப்போம். மத்திய அரசு ஊழியர் 60 வயதில் ஓய்வு பெற்று 63-இல் இறக்கிறார். மனைவிக்கு முதலில் 50 விழுக்காடு, அதாவது 30,000. இது இறந்த நாளிலிருந்து ஏழு ஆண்டு அல்லது இறந்தவர் இருந்திருந்தால் 67 வயதாகும் நாள், இவற்றில் எது முந்தியதோ அதுவரைதான். இங்கே நான்கே ஆண்டு. அதன்பின் 30 விழுக்காடு, 18,000. இரண்டுக்கும் அகவிலை நிவாரணம் தனி. ஒரு மாதம் திடீரென்று 12,000 குறையும்போது வங்கிதான் தப்புச் செய்துவிட்டது என்று அந்த அம்மா அலைவார். எனவே முடிவு உண்டு என்பது சொல்லிலேயே தெரிய வேண்டும்: ‘தொடக்கக்கால உயர்வீதம்’. அதற்கு இணையாகப் பின்னது ‘இயல்வீதம்’. ‘சாதாரண வீதம்’ போதும் என்று யாரேனும் சொன்னால் எனக்கு மறுப்பில்லை; ‘தொடக்கக்கால’ என்ற அடையை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. சில நாடுகளின் திட்டங்களில், ஓய்வு பெற்ற சில ஆண்டுகளுக்குள் உறுப்பினர் இறந்தால், ஓய்வூதியம் கட்டாயம் தருவதாக உத்தரவாதம் தந்த காலத்தில் மிஞ்சிய தவணைகளை மொத்தமாகக் கொடுத்துவிடுவார்கள். காலத்தை ‘உறுதிக்காலம்’ என்றும் தொகையை ‘மீதத் தவணைத்தொகை’ என்றும் குறித்து வைத்திருக்கிறேன். காப்பீட்டுத் துறையில் வேலை பார்ப்பவர்கள் ‘உறுதிக்காலம்’ என்பதை வேறு பொருளில் ஆள்கிறீர்களா என்று சொன்னால், பட்டியலில் ஏற்றிவிடலாம்.