சைக்கிள் குரூப் ரைடுல 40 கிலோமீட்டர் தாண்டினா பின்தங்கிடுறேன்

ஞாயித்துக்கிழமை ஃப்ரெண்ட்ஸோட 60 கிலோமீட்டர் போறோம், 40 வரைக்கும் நல்லாத்தான் ஓட்டுறேன், அப்புறம் முட்டிக்கு முன்பக்கம் வலிக்க ஆரம்பிச்சு கால் கனத்துப் போயிடுது, எனக்காக எல்லாரும் நின்னு நின்னு போறாங்க, மனசுக்குக் கஷ்டமா இருக்கு. என்ன பண்றது?

பதில் 1:
முன்பக்க வலின்னா முதல்ல சீட் உயரத்தப் பாருங்க, பெரும்பாலும் தாழ்வா இருக்கும். பெடல் அடியில இருக்கறப்ப குதிகாலை வச்சா கால் நேரா நீளணும். ஒரேயடியா ஏத்தாதீங்க, 5 மில்லிமீட்டர் ஏத்தி ரெண்டு ரைடு ஓட்டிப் பாருங்க.

பதில் 2:
பெரிய கியர்ல அழுத்தி மிதிக்கிறீங்களா? லேசான கியர்ல நிமிஷத்துக்கு 80-90 சுத்து வரட்டும்.

பதில் 3:
கடைசில தனியா வராதீங்க, நடுவுல வாங்க, காத்த முன்னாடி போறவர் வாங்கிப்பார். எங்க குரூப்ல புதுசா வர்றவங்கள அப்படித்தான் கூட்டிட்டுப் போவோம்.