அப்பாவுக்குத் தெரியாமல் குழம்பில் மாத்திரை கலக்கலாமா?

தேனிப்பொண்ணு: குடியை நிறுத்தும் மாத்திரையாம், டைசல்ஃபிரம். பக்கத்து வீட்டு அக்கா வாங்கித் தருகிறேன் என்றிருக்கிறார். பொடித்துக் குழம்பில் போட்டால் அப்பாவுக்குத் தெரியவே தெரியாதாம். பதினெட்டு வருடக் குடி. அம்மாவின் தாலிக்கொடி போன தையிலேயே அடகுக்குப் போய்விட்டது. கலக்கச் சொல்லவா?

முருகன்_ராஜை: தாராளமாகக் கலக்கட்டும். என் அக்கா கலந்தாள், மச்சான் ஆறு மாதம் கடைப்பக்கம் போகவில்லை. 2003-லிருந்து அரசே சில்லறைக் கடை நடத்தி ஊற்றிக் கொடுக்கிறது. அதில் இல்லாத தப்பு, வீட்டைக் காப்பாற்ற ஒருத்தி மாத்திரை கலப்பதில் மட்டும் எங்கிருந்து வந்தது?

வார்டு சிஸ்டர்: வேண்டாம் தங்கச்சி. அந்த மாத்திரை குடி ஆசையைக் குறைக்காது. உடம்புக்குள் போன சாராயம் முழுதாகக் கரையாமல் பாதியில் நச்சாகத் தேங்கும்படி செய்யும், அவ்வளவுதான். முகம் சிவந்து, வாந்தி எடுத்து, நெஞ்சு படபடத்து, பிரஷர் இறங்கும். இதயம் பலவீனமானவருக்கு உயிரே போகலாம். மாத்திரையை நிறுத்தினாலும் இரண்டு வாரம் வரை வேலை செய்யும். அதனால்தான் நோயாளிக்குச் சொல்லி, அவர் சம்மதத்தோடுதான் கொடுப்போம். இன்னொன்று, தினமும் குடிப்பவர் பயந்து திடீரென்று நிறுத்தினால் இரண்டு மூன்று நாளில் வலிப்பு வரலாம். வீட்டில் வைத்துச் சமாளிக்க முடியாது.

முருகன்_ராஜை: சம்மதம் கேட்டால் செம்பைத் தூக்கி எறிகிறவரிடம் எப்படிக் கேட்பது, சிஸ்டர்? உங்களிடம் வருகிறவர்கள் வரச் சம்மதித்தவர்கள். வராதவன் வீட்டில் ராத்திரி பத்து மணிக்குக் கதவு தட்டும்போது யார் இருக்கிறார்கள்?

கடைசிமகன்: எங்கள் அம்மாவும் கலந்தார். ஒரு நாள் அப்பா பொட்டலத்தைப் பார்த்துவிட்டார், அஞ்சறைப்பெட்டிக்கு அடியில். அப்போது நான் ஏழாவது. அன்றிலிருந்து தட்டு வைத்ததும் முதல் உருண்டையைப் பிசைந்து என்னிடம் நீட்டுவார், "நீ தின்னு பாப்போம்." நான் விழுங்கும் வரை என் தொண்டையையே பார்த்துக்கொண்டிருப்பார். அம்மா அடுப்படியிலேயே நிற்பார், வெளியே வரமாட்டார். அப்பா குடியை விட்டு இப்போது பதினோரு வருடம் ஆகிறது, அதுவும் அவராகவே சிகிச்சையில் சேர்ந்துதான். ஆனாலும் காபியை அவரே போட்டுக்கொள்கிறார்.

முருகன்_ராஜை: தம்பி, அதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எதுவும் எழுத முடியவில்லை. சரி, கலக்க வேண்டாம். ஆனால் அவர் மனசு மாறும் வரை அந்தம்மா என்ன செய்வார்? அதற்குப் பதில் வேண்டும்.

வார்டு சிஸ்டர்: நியாயமான கேள்வி. போதை மீட்பு உதவி எண் 14446-க்கு அம்மாவே பேசலாம், குடிப்பவர்தான் பேச வேண்டும் என்றில்லை. அல்-அனான் என்று குடும்பத்தாருக்கான கூட்டங்கள் 1951-லிருந்து நடக்கின்றன, தமிழிலும் உண்டு. அவர் வராவிட்டாலும் அம்மா போகலாம். அப்புறம், கடன்காரர் வந்தால் "அவர் ஊரில் இல்லை" என்று அம்மா பொய் சொல்வதை முதலில் நிறுத்தட்டும்.

தேனிப்பொண்ணு: அந்தப் பொய்யை நான்தான் சொல்வேன் அக்கா, சின்ன வயதிலிருந்தே. இன்று சாயங்காலம் அம்மாவைக் கூப்பிடுகிறேன்.