பத்து நிமிடத் தியானம்: உங்களுக்கு என்ன நடந்தது?

உவர்மலைக்காரி:
விடிய எழும்பி மூச்சைக் கவனித்துக்கொண்டு பத்து நிமிடம் இருப்பது இங்கே பலரும் செய்வதுதான். நான் திருகோணமலை டச்சுக் குடாக் கரையில் இருப்பேன். போன மாதம் ஒரு நாள் கண்ணைத் திறந்ததும் காரணமே இல்லாமல் ஒரு சந்தோசம் பொங்கி வந்தது. ஈர மணலில் ஒரு பிள்ளை விழுந்து எழும்பி ஓடியது. பார்த்து வாய்விட்டுச் சிரித்தேன். உடனே நெஞ்சு திக்கென்றது. 2004 மார்கழிச் சுனாமியில் என் அண்ணாவைக் கொண்டுபோன கடல் இது. அதன் முன்னால் எப்படிச் சிரித்தேன்? அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. வேறு யாருக்காவது இப்படி வந்ததா?

கிண்ணியா:
எனக்கு முதலில் அழுகைதான் வந்தது அக்கா. சுபஹ் தொழுதுவிட்டு அதே பாயில் கொஞ்ச நேரம் சும்மா இருப்பேன். ஒருநாள் மனைவி கேட்டா, "என்ன இண்டைக்கு தேத்தண்ணியை இவ்வளவு ஆறுதலாக் குடிக்கிறீங்க?" அதுவரை அதன் ருசியே எனக்குத் தெரிந்ததில்லை. அந்தக் கேள்வி இன்னும் காதில் நிற்கிறது.

பாலையூற்று:
தம்பி, அழுகை வந்தால் அப்படியே இருந்துவிடக் கூடாது. இழப்பைக் கண்டவர்கள் கண்ணை மூடினால் பழையது கிளம்பும், எனக்கும் கிளம்பியது. கண்ணைத் திறந்து வையுங்கள். மூச்சு ஒத்துவராவிட்டால் பாதம் நிலத்தில் படுவதைக் கவனியுங்கள், அல்லது அலைச் சத்தத்தைக் கேளுங்கள். மூச்சு விடுவதை உள்ளே இழுப்பதைவிடக் கொஞ்சம் நீட்டினால் படபடப்பு இறங்கும். மனம் ஓடினால் திட்டாமல் திருப்பிக் கொண்டுவாருங்கள், பயிற்சியே அந்தத் திருப்பல்தான். ஹார்வர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கில்லிங்ஸ்வர்த்தும் கில்பர்ட்டும் 2010இல் சயன்ஸ் இதழில் எழுதினார்கள்: விழித்திருக்கும் நேரத்தில் 46.9 சதவீதம் மனம் செய்கிற வேலையில் இல்லை, அப்படி அலையும்போது மகிழ்ச்சியும் குறைவு. இனிமையான நினைவில் அலைந்தாலும், செய்வதில் மனம் இருப்பதைவிடக் கூடுதல் மகிழ்ச்சி இல்லையாம். பத்து நிமிடம் கூடுதலாக இருந்தால் ஐந்தாக்குங்கள், ஆனால் ஒரு நாளும் விடாதீர்கள். அழுகை கிழமைக்கணக்கில் நிற்காவிட்டால் வைத்தியரிடம் போங்கள்.

நிலாவெளி:
அண்ணா, நீங்கள் சொன்னது நல்லதுதான், ஆனால் அக்கா தியான முறை கேட்கவில்லை. சிரித்தது சரியா என்றுதான் கேட்டா. சரிதான் அக்கா. எங்கள் வீட்டிலும் அன்றைக்கு மாமா போனார். அவருடைய மகளின் சாமத்தியவீட்டில் பந்தல் கட்டும்போது மாமி பழைய கதை ஒன்று சொல்லி விழுந்து விழுந்து சிரித்தா. நாங்கள் ஒருவரும் அவவைத் தப்பாக நினைக்கவில்லை, எல்லோரும் சேர்ந்துதான் சிரித்தோம். அம்மாவிடம் சொல்லுங்கள். அவவுக்கும் அப்படி ஒரு நாள் வந்திருக்கும், உங்களுக்காக மறைத்து வைத்திருப்பா.